வாயசைப்புக்கு அடங்காத சொல்

போ. ஒரே எழுத்து, ஒரே சொல். முப்பது வருஷமாக மைக் முன்னால் நின்று ஊரான் வாய்க்கெல்லாம் பக்கம் பக்கமாகப் பேசித் தீர்த்த தணிகாசலத்துக்கு அந்த ஒற்றை எழுத்து தொண்டையில் மீன் முள்ளாகக் குத்திக்கொண்டு நின்றது. திரையில் அந்தக் கார்ட்டூன் அப்பன் மறுபடியும் வந்து நின்றான். வெள்ளைத் தலை, கிழிந்த கம்பளிச் சட்டை, கையில் கம்பி முறிந்த குடை. உதடு ஒருமுறை ஒட்டுகிறது, வட்டமாகத் திறக்கிறது, உடனே முகத்தைத் திருப்பிக்கொள்கிறான், அப்புறம் வெறும் பிடரிதான். எந்த நாட்டுப் படமோ, அவன் தன் பாஷையில் என்ன சொல்கிறானோ, இங்கே யாருக்கும் தெரியாது. நஸ்ரின் எழுதிக் கொடுத்த தாளில் ‘போ’ என்று இருக்கிறது. “சார், மறுபடியும் போலாமா?” என்றது காதுக்குள் நஸ்ரினின் குரல். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் டப்பிங் இயக்குநர் அவள். முப்பது வயதுகூட இருக்காது, பொறுமையில் மட்டும் கிழவி. “போலாம்மா” என்றார். பார், இது எத்தனை சுலபமாக வருகிறது. போலாம், போச்சு, போகட்டும், போதும், எல்லாம் வருகிறது. அப்பன் வந்தான், உதடு ஒட்டியது, திறந்தது, தணிகாசலத்தின் வாயும் திறந்தது, காற்றுதான் வந்தது. “சார், என்ன ஆச்சு?” “இல்லம்மா, ஒரு சந்தேகம். எந்தத் தமிழ் அப்பன் ஊருக்குப் போற பொண்ணப் பாத்து ‘போ’ன்னு சொல்லுவான்? நாயத்தான் அப்படித் தொரத்துவாங்க. போயிட்டு வான்னு எழுதும்மா.” “நானும் அதத்தான் முதல்ல எழுதினேன் சார். அவன் வாய் ஒரு தடவைதானே தொறக்குது? அதுக்குள்ள அஞ்சு எழுத்த எங்க வெக்கறது?” நியாயம்தான். வாயசைப்பு என்பது தையல்காரன் அளவு மாதிரி. துணி எவ்வளவு நல்ல துணியாக இருந்தாலும் உடம்புக்கு மேலே தொங்கினால் சிரிப்பார்கள். இந்தத் தொழிலில் சோறு தின்றவருக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்துதான் அடம்பிடிக்கிறார் என்பதும் அவருக்கே தெரியும். “ஒரு வாய் வெந்நீர் குடிச்சிக்கங்க சார், அவசரமில்ல” என்றாள் நஸ்ரின்.

அவசரமில்லையாம். சாயங்காலம் வீட்டு வாசலில் டாக்ஸி வந்து நிற்கும், மகள் கோகிலா பெட்டியோடு ஏறிவிடுவாள், நார்வே என்று ஒரு தேசம், அதில் வாயில் நுழையாத ஒரு ஊர். நுழையாது என்ன நுழையாது, எத்தனையோ வாயில் நுழையாத பெயர்களை இந்த அறையில் தண்ணீர்பட்ட பாடாகச் சொல்லியிருக்கிறார். இதைச் சொல்ல மனசில்லை, அவ்வளவுதான். அங்கே பனிக்கட்டிக்குள் ஆயிரம் ஆயிரம் வருஷத்துப் பழைய காற்று குமிழி குமிழியாக மாட்டிக்கொண்டிருக்குமாம், அதை எடுத்துப் படிக்கப் போகிறாளாம். காற்றைப் படிக்கக் கடல் தாண்ட வேண்டுமா, வடபழனியில் இல்லாத காற்றா என்று கேட்டதற்கு அன்றைக்கு அவள் சிரித்தாள். அப்போதெல்லாம் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். “நாளைக்குக்கூட வெச்சுக்கலாம் சார்” என்று நஸ்ரின் சொன்னபோது, “வேணாம், இன்னிக்கே முடிச்சிடலாம்” என்று சொன்னது யார்? இவர்தான். மகள் புறப்படுகிற நாளில் அப்பன் வேலைக்குப் போனால் ஊர் என்ன சொல்லும் என்று மனைவி சுகுணா கேட்டாள். வேலை வேலைதான் என்று வீராப்பாகச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாயிற்று. வாசலில் நின்று அந்த வார்த்தையைச் சொல்ல முடியாது என்றுதானே இங்கே ஓடிவந்து இருட்டில் ஒளிந்துகொண்டது? விதியைப் பார், அதே வார்த்தை இங்கே திரையேறி வந்து பல்லை இளிக்கிறது. கோகிலா நேரில் பேசி மூன்று வாரம் ஆகப்போகிறது. “அப்பாவ சாப்பிட வரச் சொல்லும்மா.” “அவள ஃபேன நிறுத்திட்டுப் படுக்கச் சொல்லு.” நடுவில் சுகுணா தபால்காரி. எல்லாம் விசாவுக்காக அவள் கிளம்பிய காலையில் வந்த வினை. காகிதங்களை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு காலில் செருப்பு மாட்டியாகிவிட்டது, இன்னொரு கால் படியில் இருந்தது. இவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எங்கே போகிறாள் என்று நன்றாகத் தெரியும், ஒரு வாரமாக வீட்டில் அதே பேச்சு. இருந்தும் தலையைத் தூக்கிக் கேட்டார்: “எங்க போற?” வெளியே காலெடுத்து வைக்கிறவளை அப்படிக் கேட்கக் கூடாது, கேட்டால் போகிற காரியம் உருப்படாது, திரும்பி வந்து உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்பது பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அவள் திரும்பிப் பார்த்தாள். தண்ணீர் குடிக்கவில்லை, உட்காரவும் இல்லை. “வேணும்னே கேட்டீங்கல்ல?” என்றாள். இன்னொரு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். விசா கிடைத்துவிட்டது. சகுனம் பலிக்கவில்லை என்று நிம்மதிப்படுவதா, தான் கேட்டது பலிக்கவில்லை என்று வருத்தப்படுவதா என்று இவருக்கு அன்றைக்குப் புரியவில்லை. வெந்நீர் ஆறிப்போயிருந்தது, குடித்து வைத்தார்.

அந்தக் கேள்வி ஒன்றும் அவர் கண்டுபிடித்ததில்லை. சோளிங்கர் வீட்டில் அம்மா கேட்டது. டில்லி வானொலியில் தமிழ்ச் செய்தி வாசிக்க ஆள் எடுக்கிறார்கள், குரல் தேர்வுக்கு வா என்று கூப்பிட்டிருந்தார்கள். மீசை சரியாக முளைக்காத வயசு, குரல் மட்டும் முளைத்திருந்தது. தெருவே வந்து வழியனுப்ப, கையில் புளிசாதப் பொட்டலம், தோளில் பை. படி இறங்கும்போது உள்ளேயிருந்து அம்மா, “எங்கடா போற?” என்றாள். சொன்ன மறுகணம் நாக்கைக் கடித்துக்கொண்டாள், ஐயோ என் பாழும் வாயே என்றாள், தலையில் அடித்துக்கொண்டாள். உள்ளே வா, உட்காரு, தண்ணி குடி, கொஞ்சம் பொறு, ராகுகாலம் வேற முடியட்டும். உட்கார்ந்தார். அரக்கோணம் பஸ் போனது, சென்ட்ரலில் ரயில் போனது. அடுத்த நாள் போகலாம் என்றார்கள், அடுத்த நாள் போவதற்குள் தேர்வு முடிந்துவிட்டது. கடவுள் காப்பாற்றினார், அந்த ரயிலில் போயிருந்தால் என்ன ஆகியிருக்குமோ என்று அம்மா ஊரெல்லாம் சொன்னாள். ஒன்றும் ஆகியிருக்காது. அந்த ரயில் கவிழவில்லை, தடம் புரளவில்லை, சமர்த்தாக டில்லி போய்ச் சேர்ந்தது. அதுதான் அவருக்கு ஆறாத குறை. ஒரு சின்ன விபத்தாவது நடந்திருந்தால் மனசு சமாதானம் ஆகியிருக்கும். அப்புறம் சென்னை, கோடம்பாக்கம், கூட்டத்தில் ஒரு குரல், “யெஸ் சார்” சொல்கிற கான்ஸ்டபிள், “எங்க கையில எதுவும் இல்ல” என்கிற டாக்டர், வெளிநாட்டுப் படம் வந்த பிறகு விண்வெளி வீரன், கடல் கொள்ளைக்காரன், பேசுகிற கரடி. சந்திரனில் இறங்கியிருக்கிறார், எரிமலைக்குள் குதித்திருக்கிறார், எல்லாம் இதே நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றபடி. சொந்தக் காலில் போனது திருப்பதி வரைக்கும். அதற்கே ஆந்திர எல்லையில் தடா தாண்டும்போது திரும்பிவிடலாமா என்று இருக்கும். அம்மா அன்றைக்கு வாய்தவறித்தான் கேட்டாளா? இத்தனை வருஷத்தில் இந்தச் சந்தேகம் ஒருதரம்கூட வந்ததில்லை, இப்போது இந்த இருட்டில் வருகிறது. வாசலில் இருக்க வேண்டியவள் ஏன் உள்ளே போனாள்? படி இறங்குகிற வரைக்கும் ஏன் பேசாமல் இருந்தாள்? வாய்தவறியவள் ராகுகாலத்தை எப்படி அத்தனை சரியாக ஞாபகம் வைத்திருந்தாள்? அவளும் வேணும்னேதான் கேட்டாளோ? பயந்துதான் கேட்டாளோ? பாவம், அவளுக்கும் வேறு வார்த்தை தெரிந்திருக்காது. கோபம் வரும் என்று காத்திருந்தார், வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நஸ்ரினும் சவுண்ட் இன்ஜினியர் ஏழுமலையும் ஏதோ பேசிச் சிரித்தார்கள், சத்தம் இந்தப் பக்கம் வரவில்லை.

நஸ்ரினைச் சொல்ல வேண்டும். மற்ற இடங்களில் வந்தோமா, நம்முடைய துண்டுகளைப் பேசினோமா, காசை வாங்கினோமா என்று இருக்கும். முப்பது வருஷத்தில் தான் பேசிய படம் எதையும் தணிகாசலம் முழுசாகப் பார்த்ததில்லை. தன் பாத்திரம் யாரைக் கொன்றது, எதற்குச் செத்தது என்றுகூடத் தெரியாமல் கத்திவிட்டு வந்திருக்கிறார். இந்தப் பெண் அதெல்லாம் ஆகாது என்றாள். காலையிலேயே வரச்சொல்லி, படம் முழுவதையும் போட்டுக் காட்டினாள். கார்ட்டூன்தானே, தூங்கிவிடலாம் என்று சாய்ந்து உட்கார்ந்தவர் சாய்ந்தபடியே இல்லை. மலை விளிம்பில் ஒரு வீடு. ஒரே ஜன்னல். குடை ரிப்பேர் செய்கிற அப்பன், ஒரே மகள். பழைய குடைகளையெல்லாம் சேர்த்துத் தைத்து ஒரு படகு செய்து, மேகத்தின் மேல் துடுப்புப் போட்டுக்கொண்டு அந்தப் பெண் கிளம்பிவிடுகிறாள். மழை கீழிருந்து மேலே பெய்கிற ஒரு தீவு. மணிகள் காயாகத் தொங்கி, பழுத்தால் தானாக அடிக்கிற தோப்பு. இதெல்லாம் ஒரு பக்கம் கிடக்கட்டும், நம் ஆளைப் பிடித்துக்கொண்டது வேறு. அவள் ஒரு தீவில் கால் வைத்ததும் இங்கே அப்பன் வீட்டுச் சுவர் தானாகப் பிளந்து ஒரு புது ஜன்னல் முளைக்கிறது! அதன் வழியே அந்தத் தீவு தெரிகிறது. அப்பன் என்ன செய்கிறான்? பயந்துபோய்ச் செங்கல்லும் சாந்தும் கொண்டுவந்து அந்த ஜன்னலை அடைக்கிறான். அடைக்கிற மூச்சுச் சத்தத்துக்கு மட்டுமே மத்தியானம் எத்தனை டேக்! ஹக், ஹா, ஹக். கல்லைத் தூக்கு, வை, பூசு. வசனமே கிடையாது, வெறும் மூச்சு. எங்கே போற, எங்கே போற, எங்கே போற என்று அந்த மூச்சுக்குள் தனக்கு மட்டும் கேட்டது. “சார், பிரமாதம், நிஜமாவே கல்லு தூக்கற மாதிரி இருக்கு” என்றாள் நஸ்ரின். இருக்காதா பின்னே, எத்தனை நாளாகத் தூக்குகிறோம்.

ஆனால் அந்த அப்பன் இரண்டாவது ஜன்னலை அடைக்கவில்லை. திரைச்சீலை போட்டு மறைத்தான். மூன்றாவது முளைத்தபோது சீலையின் ஓரத்தைக் கொஞ்சமாக விலக்கிப் பார்த்தான், ஒரு “ஓ” சொன்னான். அந்த “ஓ”வை நஸ்ரின் முதல் டேக்கிலேயே ஓகே செய்துவிட்டாள். தணிகாசலத்துக்கே ஆச்சரியம், அது அவர் போட்ட “ஓ” இல்லை, தானாக வந்தது. மேலே போகிற மழையை யார்தான் பார்த்திருக்கிறார்கள்? அப்புறம் வீடு முழுக்க ஜன்னல். சமையலறையில், கூரையில், கதவுக்கே ஒரு ஜன்னல். காற்று உள்ளே வந்து தொங்குகிற குடைகளையெல்லாம் விரித்துவிடுகிறது, அப்பன் நடுவில் நின்று சிரிக்கிறான், மீசையெல்லாம் பறக்கிறது. காலையில் அந்த இடத்தில் தணிகாசலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பக்கத்தில் ஏழுமலை, “ஏசி அதிகமா அண்ணே?” என்றான். வீட்டை விட்டுப் போகிறவர்கள் வீட்டில் ஒரு ஆளைக் குறைத்துவிட்டுப் போகிறார்கள் என்றுதான் இதுநாள்வரைக்கும் கணக்கு. இலை ஒன்று குறையும், கொடியில் துணி குறையும், பாத்ரூம் கதவைத் தட்டுகிற சண்டை குறையும். அவள் எங்கே கால் வைக்கிறாளோ அங்கெல்லாம் நமக்கு ஒரு ஜன்னல் என்று ஒருத்தன் படம் எடுத்து வைத்திருக்கிறான். பைத்தியக்காரன், நன்றாக இருக்கட்டும். சினிமாக்காரன் சொன்னால் உண்மையாகிவிடுமா? விமானம் விழாதா? பனி உடையாதா? ராத்திரியில் வயிற்றுவலி வந்தால் அம்மா என்று கத்தினால் அங்கே யாருக்குப் புரியும்? பனிக்கு நடுவில் சின்னப் புள்ளியாக அவள் நடக்கிறாள், கீழே விரிசல் ஓடுகிறது, இந்தக் காட்சியை எத்தனை நாள் மனசுக்குள் ஓட்டியிருக்கிறார். அதுவும் சினிமாதானே? அதை எடுத்தவன் யார்? இவரேதான்! யாரும் எடுக்காத படத்தை இத்தனை நாள் உண்மையென்று நம்பி உடம்பு நடுங்க முடியுமென்றால், இன்னொருத்தன் இத்தனை பாடுபட்டு எடுத்த படத்தைக் கொஞ்சம் நம்பினால் குடியா முழுகிவிடும்? அதே பனியைத் திரும்பவும் மனசுக்குள் கொண்டுவந்தார். அவள் நடந்தாள். விரிசலை ஒட்டி நின்றாள். குனிந்தாள். ஏதோ பார்த்துவிட்டுக் கையை ஆட்டிக் கூப்பிட்டாள். என்ன பார்த்தாள்? தெரியவில்லை. என்ன பார்த்தாள் என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல இருந்தது. பயம் இருந்த இடத்திலேயேதான் இருந்தது, பக்கத்தில் இதுவும் வந்து உட்கார்ந்துகொண்டது.

“சார், ரெடியா?” கடைசித் துண்டு இது ஒன்றுதான் பாக்கி. டப்பிங்கில் படம் வரிசையாகப் போகாது. பின்னால் வருவது முன்னால், முன்னால் வருவது பின்னால். ஜன்னலெல்லாம் திறந்த பிறகுதான் வழியனுப்புகிற காட்சிக்கு வந்திருக்கிறார்கள். அங்கே திரையில் நிற்கிற அந்த மனுஷனுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. அவனுக்கு ஒரே ஜன்னல் வீடு, ஒரே மகள், அவள் படகில் ஏறி நிற்கிறாள், திரும்பிப் பார்க்கிறாள், அவன் ஏதாவது சொல்லமாட்டானா என்று பார்க்கிறாள். அடப்பாவி, உனக்குத் தெரியாதுடா, எனக்குத் தெரியும், காலையிலேயே பார்த்துவிட்டேன். சொல்லு. நான் இருக்கிறேன், சொல்லு. “போலாம்மா” என்றார் தணிகாசலம். பெண் திரும்பிப் பார்த்தாள். அப்பனின் உதடு ஒட்டியது. “போ” என்றார். சரியாக விழுந்தது, வட்டத்துக்குள் வட்டமாக, நூலளவு பிசகில்லை. முகம் திரும்பியது. நின்றிருக்க வேண்டும். தொழில் தெரிந்தவன் அங்கே நிறுத்தியிருப்பான். தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த வாய் அதோடு நின்றால்தானே? திரும்பிய பிடரியின் மேல் அது தன்பாட்டுக்கு நடந்துபோயிற்று, “...ய்ட்டு வா” என்று, பாதி மூச்சாக, கடைசி எழுத்து கொஞ்சம் உடைந்து. ஐயோ, கெட்டுப்போச்சு. “சாரிம்மா, வாய் நிக்கல, இன்னொண்ணு போலாம்” என்று இவர் பதற, ஹெட்ஃபோனில் ஏழுமலை: “அண்ணே, எதுக்கு அண்ணே? ஆளு திரும்பிட்டான், வாய் தெரியல. நீங்க மிச்சத்த அவன் முதுகுல சொல்லிட்டீங்க.” போட்டுக் காட்டினான். மகள் முகத்தைப் பார்த்து ஒரு ‘போ’. முகத்தை மறைத்துக்கொண்டு மிச்சம். முகத்தைக் காட்டி அத்தனையும் சொல்ல எந்த அப்பனால் முடிகிறது? எழுதினவனே இப்படி நினைத்து எழுதியதுபோல் இருந்தது. நஸ்ரின் மூக்கை உறிஞ்சினாள். “எங்கப்பா என்னை ரயிலேத்தி விட்டப்ப இதேதான் சார், பேப்பர் கடையப் பாத்துக்கிட்டே சொன்னாரு. இதையே வெச்சுக்கறேன்” என்றாள்.

ஹெட்ஃபோனைக் கழற்றியதும் உலகம் சத்தமாக இருந்தது. வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. சாலிகிராமத்தில் கைகாட்டிய முதல் ஆட்டோவில் ஏறிவிட்டார், பேரம் பேசவில்லை என்பதே ஞாபகமில்லை. ஆற்காடு ரோட்டில் வண்டிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. போயிருப்பாளோ? போயிருந்தால்? செல்போனை எடுத்தார், வைத்தார், எடுத்தார். சுகுணாவுக்கு அடித்தால் சுலபம். மூன்று வாரமாக அதுதானே வழி. கோகிலாவின் பேரை அழுத்தினார். ஒரே மணியில் எடுத்துவிட்டாள். “அப்பா?”

“டாக்ஸி வந்துடுச்சா?” என்றார். ஊருக்கே தெரிந்த குரல் ஒரு மாதிரி கீச்சென்று வந்தது.

“வந்து நிக்குது. பெட்டி ஏத்தறாரு.” அப்புறம் கொஞ்சம் தயங்கி, “அம்மாகிட்ட குடுக்கட்டுமா?”

“வேணாம்டி. உங்கிட்டதான் பேசணும். வண்டிய நிக்கச் சொல்லு. நானும் ஏர்போர்ட் வரேன்.”

பின்னணியில் சுகுணா யாரிடமோ ஊறுகாய் பாட்டிலைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தாள்.

“கோகிலா, இருக்கியா? இங்க பாரு. அங்க போய் எறங்கினதும் ‘நல்லபடியா சேந்துட்டேன்’னு மட்டும் சொல்லிட்டு வெச்சிடாத. அத அம்மாகிட்ட சொல்லு, அவளுக்கு அது போதும். எனக்கு என்ன பாத்தன்னு சொல்லணும். ஒண்ணு விடாம.”

“எல்லாத்தையுமாப்பா?” குரல் கரகரத்தது. “வெறும் ஐஸுதாம்பா. உங்களுக்கு போர் அடிக்கும்.”

“எவன் எவனோ எங்கெங்கயோ பாத்ததையெல்லாம் முப்பது வருஷமா நான் பேசியிருக்கேன். எம்பொண்ணு பாத்தத உக்காந்து கேக்க மாட்டனா?”

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது, சிரிப்பதும் கேட்டது. “அப்ப சீக்கிரம் வாங்க. டாக்ஸியிலயே ஆரம்பிச்சிடறேன், நிறைய இருக்கு.”

சிக்னல் விழுகிற வழியாக இல்லை. தணிகாசலம் சட்டைப் பையில் இருந்ததை எண்ணிப் பார்க்காமல் டிரைவர் கையில் திணித்துவிட்டு இறங்கி, பஸ்ஸுக்கும் லாரிக்கும் இடையில் புகுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட ஆரம்பித்தார்.